ஆங்கிலம் தொலைத்த ‘நீ’

1603 நவம்பர் 17. லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்ததால் வழக்கு வின்செஸ்டர் நகருக்கு மாற்றப்பட்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டு நின்றவர் சர் வால்ட்டர் ராலே. கடலோடி, கவிஞர், முதலாம் எலிசபெத் அரசியின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். அரசி இறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள், புதிய மன்னர் முதலாம் ஜேம்ஸைக் கவிழ்க்கச் சதி செய்ததாக அவர்மேல் குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் சர் எட்வர்ட் கோக். மன்னரையும் சட்டம் கட்டுப்படுத்தும் என்று பிற்காலத்தில் நிமிர்ந்து நின்று பெயர் வாங்கிய அதே கோக். அன்றைக்கு அவர் கையில் வலுவான சாட்சியம் இல்லை. என்மேல் பழி சொன்னவரை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று ராலே திரும்பத் திரும்பக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். சாட்சியம் போதாத இடத்தை வசவால் நிரப்பினார் கோக். பாம்பு என்றார், துரோகி என்றார். எதிரில் நின்றவரை ‘தௌ’ என்று விளித்தார். அதோடு விடவில்லை. அந்தச் சொல்லையே வினைச்சொல்லாக்கி, உன்னை நான் ‘தௌ’ போட்டுத்தான் பேசுவேன் என்று சபையறியச் சொன்னார்.

நம் ஊர் நிருபர் ஒருவர் அங்கே இருந்திருந்தால், ‘ராலேயை ஒருமையில் பேசினார் கோக்’ என்று தலைப்பு அனுப்பியிருப்பார். தமிழ் வாசகருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. காவல் நிலையத்தில், கலெக்டர் அலுவலகத்தில், மாமன்றக் கூட்டத்தில் ‘ஒருமையில் பேசிவிட்டார்’ என்ற புகாரோடு எத்தனையோ தகராறு தொடங்குகிறது. இன்றைய ஆங்கிலேயருக்குத்தான் விளக்கம் தேவைப்படும். ஒரு பிரதிப்பெயரால் ஒருவரை எப்படி அறைய முடியும் என்பது அவருக்குப் புரியாது. அவர் மொழியில் எல்லாரும் ‘யூ’. மன்னரும் யூ, மாட்டுக்காரனும் யூ, வீட்டு நாயும் யூ.

‘தௌ’ என்ற சொல் அவர் காதில் விழுவதெல்லாம் பழைய ஜெபத்திலும் ஷேக்ஸ்பியர் நாடகத்திலும்தான். ஆகவே அது ஏதோ உயர்ந்த, மணமும் மரியாதையும் உள்ள சொல் என்று நினைத்துக்கொள்கிறார். அவரிடமிருந்து ஆங்கிலம் கற்றுக்கொண்ட நாமும் அப்படியே நினைக்கிறோம். உண்மையில் அது வெறும் ‘நீ’. மரியாதைச் சொல்லாக இருந்தது ‘யூ’தான். ஆங்கிலம் தன் ‘நீ’யைத் தொலைத்துவிட்டு, எல்லாரையும் ‘நீங்கள்’ என்று விளித்துக்கொண்டிருக்கிற மொழி.

தொடக்கத்தில் மரியாதை என்ற பேச்சே அதில் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஒருவர் என்றால் ‘தூ’, பலர் என்றால் ‘யே’. இவற்றுக்கு நடுவே, சரியாக இரண்டு பேரைக் குறிக்க ‘யிட்’ என்று தனிச் சொல்லும் இருந்தது. சமஸ்கிருதத்தில் உள்ள இருமையைப் போன்றது அது. 13-ஆம் நூற்றாண்டோடு வழக்கொழிந்தது. மீதி இருந்த இரண்டும் வேற்றுமைக்கு ஏற்ப வடிவம் மாறின. எழுவாயாக வந்தால் ‘தௌ’, செயப்படுபொருளாக வந்தால் ‘தீ’, உடைமைக்கு ‘தை’. நம் நீ, உன்னை, உன் போல. பன்மையில் எழுவாய் ‘யீ’, செயப்படுபொருள் ‘யூ’, உடைமை ‘யுவர்’. இன்று கொடிகட்டிப் பறக்கும் ‘யூ’ அப்போது வெறும் ‘உங்களை’. அடிமையிடமும் அரசனிடமும் ஆள் ஒருவர் என்றால் ஒருமைதான். எண்ணிக்கையைத் தவிர அந்தச் சொற்களுக்கு வேறு கணக்குத் தெரியாது.

ஒருவரையே பன்மையில் விளிக்கும் பழக்கம் ரோமாபுரியில் பிறந்தது. பேரரசரைப் பன்மையில் அழைக்கத் தொடங்கிய லத்தீன் வழக்கம், பிரெஞ்சில் ‘தூ’, ‘வூ’ என்ற இரண்டாக நிலைத்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. 13-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலம் பேசியவர்களும் பெரிய மனிதரைப் பன்மையில் அழைக்கக் கற்றுக்கொண்டார்கள். மேலே இருப்பவருக்கு ‘யீ’, ‘யூ’; கீழே இருப்பவருக்கு ‘தௌ’, ‘தீ’. சமமான மேட்டுக்குடியினர் தங்களுக்குள் ‘யூ’ என்றார்கள். சமமான ஏழைகள் தங்களுக்குள் ‘தௌ’ என்றார்கள். காதலி, குழந்தை, எதிரி, கடவுள் எல்லாருக்கும் ‘தௌ’.

தமிழில் இந்தக் கதை இன்னும் பழையது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர, இலக்கண நெறிப்படி அமைந்ததல்ல என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் கறாராகச் சொல்லிவிடுகிறது. தப்பு என்றும் தள்ளவில்லை, சரி என்றும் ஏற்கவில்லை. உலகம் அப்படிப் பேசுகிறது என்று பதிவு செய்கிறது. இதே வாதத்தைப் பிற்காலத்தில் இங்கிலாந்தில் சிலர் கையில் எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அவர்களிடம் பிறகு வருவோம்.

இலக்கணத்தில் இரண்டு சொற்களும் நடந்த விதமே வேறு. ‘தௌ’ வந்தால் வினைச்சொல்லின் வாலில் ‘எஸ்ட்’ ஒட்ட வேண்டும்: போகிறாய் என்பதற்கு ‘தௌ கோயெஸ்ட்’. இருக்கிறாய் என்பதற்கு ‘தௌ ஆர்ட்’, உன்னிடம் உண்டு என்பதற்கு ‘தௌ ஹேஸ்ட்’, செய்வாய் என்பதற்கு ‘தௌ வில்ட்’. ‘யூ’வுக்கு இந்தத் தொல்லை கிடையாது, வினை மொட்டையாக நிற்கும், ‘ஆர்’ என்ற பன்மை வினையோடு சேரும். ஒரே ஒருவரைப் பார்த்துப் பேசினாலும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை வருவது ஏன் என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட பிள்ளைகளுக்கு, அது அப்படித்தான் என்று பதில் கிடைத்திருக்கும். காரணம் இதுதான்: ‘யூ’ பன்மைச் சொல். ஆள் ஒருவர் ஆனாலும் வினை தன் பழைய மரியாதையை விடவில்லை. ‘நீங்கள் இருக்கிறீர்கள்’ என்று ஒருவரைப் பார்த்து நாம் சொல்வதும் அதே இலக்கணம்தான்.

1480 முதல் 1600 வரையிலான காலத்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. செயப்படுபொருளாக இருந்த ‘யூ’ மெல்ல எழுவாய் இடத்துக்கு ஏறி ‘யீ’யை வெளியே தள்ளிவிட்டது. அக்காலத்துக் கடிதங்களைத் தொகுத்து ஆராய்ந்த ஹெல்சிங்கி பல்கலைக்கழக மொழியியலாளர் டெர்ட்டு நெவலைனனும் ஹெலினா ரவ்மோலின்-புரூன்பெர்கும் இந்த மாற்றத்தில் முன்னால் சென்றவர்கள் பெண்கள் என்று கண்டார்கள். (லண்டன் மதுக்கடைப் பலகைகளில் இன்றும் தொங்கும் ‘யீ ஓல்ட்’ என்பதற்கும் இந்த ‘யீ’க்கும் உறவில்லை. ‘த’ ஒலிக்கு இருந்த பழைய எழுத்து ஒன்று பார்வைக்கு ‘ஒய்’ போல இருந்ததால் வந்த குழப்பம் அது. அந்தப் பலகையில் இருப்பது வெறும் ‘தி’.)

ஆக, 1600 வாக்கில் ஆங்கிலேயர் ஒவ்வொருவர் நாக்கிலும் ஒரு தராசு இருந்தது. அதைத் தட்டிக் காட்டத் தெரிந்தவர் ஷேக்ஸ்பியர். ‘ஹாம்லெட்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் தாயின் அறைக்கு மகன் வருகிறான். கணவனை இழந்த சூட்டோடு கொழுந்தனையே மணந்துகொண்ட தாய் கெர்ட்ரூட். அதைப் பொறுக்காத மகன். உன் அப்பாவை நீ நோகடித்துவிட்டாய் என்று அவள் தொடங்குகிறாள். அவள் சொல்லும் அப்பா, சிற்றப்பன். தாய் மகனிடம் சொல்வதால் ‘தௌ’. மகன் அதே வாக்கியத்தைத் திருப்பி அடிக்கிறான், ‘யூ’ போட்டு. அவன் சொல்லும் அப்பா, செத்துப்போனவர். அந்த ‘யூ’வில் மரியாதை இல்லை, கதவைச் சாத்துகிற சத்தம் இருக்கிறது. தாய்க்கு உடனே புரிந்துவிடுகிறது. அடுத்த வரியிலேயே அவளும் ‘யூ’வுக்கு மாறி, பெற்ற பிள்ளையிடம் அந்நியரைப் போலப் பேசுகிறாள். மகன் அவளை மறித்து உட்கார வைக்கும்போது, என்னைக் கொல்லப்போகிறாயா என்று அலறுகிறாள். அந்த அலறலில் ‘தௌ’ தானாகத் திரும்பி வருகிறது. திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த பொலோனியஸ் குத்துப்பட்டுச் சாகிறார். முதிய அமைச்சர், ஆனால் அவர் பிணத்தைப் பார்த்து ஹாம்லெட் சொல்வது ‘தௌ’.

இத்தனையும் சில நிமிட நேரத்தில், நான்கெழுத்துச் சொல்லாலும் மூன்றெழுத்துச் சொல்லாலும் நடந்து முடிகிறது. இன்றைய ஆங்கில வாசகர் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார். தமிழில் ‘நீ’யும் ‘நீங்கள்’உமாகப் பெயர்த்தால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் உறைக்கும்.

‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் இதுவே நகைச்சுவை. சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதத் தெரியாமல் விழிக்கும் ஓர் அசட்டுப் பிரபுவுக்கு, சர் டோபி யோசனை சொல்கிறார்: அவனை மூன்று தடவை ‘தௌ’ போட்டு எழுது, தப்பில்லை. 18-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் லூயிஸ் தியோபால்ட், ராலே வழக்கில் கோக் பேசிய பேச்சைத்தான் ஷேக்ஸ்பியர் இங்கே நையாண்டி செய்கிறார் என்று கருதினார். அழகான ஊகம், ஆனால் அந்த நாடகத்தை 1602 பிப்ரவரி 2 அன்றே சட்டக் கல்விக்கூடமான மிடில் டெம்பிளில் பார்த்ததாக ஜான் மானிங்ஹாம் என்ற மாணவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வழக்கு நடந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஊருக்கே தெரிந்த அவமதிப்பு முறையை இருவரும் தனித்தனியாகப் பயன்படுத்தினார்கள், அவ்வளவே.

மேடையில் இப்படி என்றால், தேவாலயத்தில் வேறு மாதிரி. 1526-ல் வில்லியம் டிண்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, கிரேக்க மூலத்தில் ஒருமை இருந்த இடத்தில் ‘தௌ’, பன்மை இருந்த இடத்தில் ‘யீ’ என்று கண்டிப்பாகப் பிரித்தார். 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் அதே வழியில் போயிற்று. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் மரியாதைப் பன்மை இல்லாததால், அந்தப் புத்தகத்தில் பார்வோனும் ‘தௌ’, தாவீது ராஜாவும் ‘தௌ’, சாத்தானும் ‘தௌ’, கடவுளும் ‘தௌ’. தெருவில் சொன்னால் கைகலப்பில் முடியக்கூடிய சொல், ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்து மன்னரைக் குறித்து ஒலித்தது.

அந்தப் பிரிவினை எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் ஓர் இடம். இயேசு பேதுருவைப் பெயர் சொல்லி அழைத்து, சாத்தான் கோதுமையைப் போலப் புடைக்கக் கேட்டிருக்கிறான் என்கிறார். அங்கே வருவது ‘யூ’, அதாவது சீடர்கள் எல்லாரையும். உடனே, நான் வேண்டிக்கொண்டது என்கிறபோது ‘தீ’, அதாவது பேதுரு ஒருவருக்காக. ஆபத்து எல்லாருக்கும், வேண்டுதல் ஒருவனுக்கு. புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இரண்டும் ‘யூ’ ஆகிவிட்டதால் அடிக்குறிப்போ ‘எல்லாரும்’ என்ற ஒட்டுச் சொல்லோ தேவைப்படுகிறது. தமிழ் வேதாகமத்தில் முதலாவது ‘உங்களை’, இரண்டாவது ‘உனக்காக’. வாசகர் தடுக்காமல் போய்விடுகிறார்.

இனி, சிறைக்குப் போனவர்கள்.

ஜார்ஜ் ஃபாக்ஸ் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளியின் மகனாக 1624-ல் பிறந்தவர். 1650-களில் அவரைச் சுற்றித் திரண்ட ‘நண்பர்கள்’, ஊராரின் கேலிப்பெயரில் குவேக்கர்கள், இரண்டு காரியங்களை விடாப்பிடியாகச் செய்தார்கள். யார் முன்னாலும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். யாராக இருந்தாலும், ஆள் ஒருவர் என்றால் ‘தௌ’தான். நீதிபதிக்கும் ‘தௌ’, பிரபுவுக்கும் ‘தௌ’, கடைக்காரருக்கும் ‘தௌ’. பணக்காரன் தனக்குச் சமமானவனை ‘யூ’ என்கிறான், வேலைக்காரனைத் ‘தௌ’ என்கிறான்; இது முகம் பார்த்துப் பேசும் பேச்சு, கடவுளுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சுத்தமான இலக்கணம்: எதிரில் நிற்பது ஒருவர், அவரைப் பலர் என்று சொன்னால் அது பொய். வேதம் மன்னரையும் கடவுளையுமே ‘தௌ’ என்கிறது. நீ அவர்களைவிடப் பெரியவனா?

இந்த இலக்கண வாதத்துக்காக ஃபாக்ஸ், ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி மூவரும் 1660-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள். ஆசிரியர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒருமை பன்மை கற்றுக்கொடுக்கும் அரிச்சுவடி என்பது தலைப்பு. அன்றைய குழந்தைகள் கையில் பிடித்துப் படித்த கைப்பிடி வைத்த எழுத்துப் பலகையின் வடிவம் பக்கங்களில் வரையப்பட்டு, உள்ளே ஒவ்வொரு மொழியின் ஒருமையும் பன்மையும். லத்தீன், கிரேக்கம், எபிரேயம், அரபி, பாரசீகம், ஆர்மீனியம், வெல்ஷ் என்று பட்டியல் நீள்கிறது. ஒருவரை ‘யூ’ என்று சொல்லும் பழக்கம் முதலில் போப்பாண்டவரிடமிருந்து வந்தது என்று தலைப்புப் பக்கத்திலேயே பழி போட்டிருக்கிறார்கள். அது வரலாறாக நிற்காது. போப்பை இழுத்துவிட்டால் புராட்டஸ்டண்டு இங்கிலாந்தில் பாதி வாதம் வென்றமாதிரி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளூர்ப் பாமரர் ஒருமையைக் காப்பாற்ற ஆர்மீனிய இலக்கணம் வரை போன அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு போடலாம்.

படித்தவர்கள் நிலைமையை நன்றாக அறிந்திருந்தார்கள். முடிவிலிக்கு இன்று நாம் போடும் படுத்த எட்டுக் குறியைக் கணிதத்துக்குத் தந்த ஜான் வாலிஸ், 1653-ல் லத்தீனில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். ஒருவரை ஒருமையில் விளிப்பது வெறுப்பையோ, நெருக்கமான கொஞ்சலையோதான் காட்டும் என்று அதில் குறித்திருக்கிறார். குவேக்கரின் ‘தௌ’ இரண்டில் எதுவும் இல்லை. ஆனால் கேட்டவர் காதில் முதலாவதாகத்தான் விழுந்தது. 

வீட்டுக்குள் நடந்தது இன்னும் கடுமை. ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் கிரோவல் என்ற ஊர்ப் பண்ணையாரின் மகன் தாமஸ் எல்வுட், இருபது வயதையொட்டி குவேக்கர் ஆனார். அப்பாவின் முன்னால் தொப்பியோடு நின்றதற்கு அடி விழுந்தது. ஒவ்வொரு தொப்பியாகப் பிடுங்கப்பட்டது. ஆனால் அப்பாவுக்கு உண்மையில் வெறியேற்றியது தொப்பி அல்ல. மகன் வாயிலிருந்து வந்த ‘தௌ’வும் ‘தீ’யும்தான். இன்னொரு தடவை அந்தச் சொல்லைக் கேட்டால் பல்லைத் தொண்டைக்குள் இறக்கிவிடுவேன் என்று அவர் மிரட்டியதை எல்வுட் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறகு இதே எல்வுட் லண்டனுக்குப் போய், கண்ணிழந்த கவிஞர் ஜான் மில்டனுக்கு லத்தீன் நூல்கள் படித்துக்காட்டும் இளைஞர் ஆனார். மில்டன் ‘மீண்ட சொர்க்கம்’ எழுதியதற்கு எல்வுட்டின் பேச்சே தூண்டுதல் என்பது இலக்கிய மாணவர்களுக்குத் தெரிந்த கதை.

வில்லியம் பென் வீட்டில் பேரம் நடந்தது. அப்பா, கடற்படைத் தளபதி சர் வில்லியம் பென். 1667-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் மகன் குவேக்கர் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்றதும் கூப்பிட்டுப் பேசினார். யாரை வேண்டுமானாலும் ‘தௌ’ போட்டுக்கொள். மூன்று பேரை மட்டும் விட்டுவிடு: மன்னர், மன்னரின் தம்பி யார்க் கோமகன், நான். தகப்பனார் எந்த வரிசையில் தன்னைச் சேர்த்துக்கொண்டார் என்பது கவனிக்கத் தக்கது. மகன் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. 1670-ல் லண்டனில் நடந்த புகழ்பெற்ற வழக்கில் தொப்பிக்காகத் தனி அபராதமே கட்டச் சொன்னார்கள். 1681-ல் அதே மன்னர் இரண்டாம் சார்லஸ், அப்பாவுக்குப் பட்ட கடனுக்கு ஈடாக அமெரிக்காவில் பென்சில்வேனியா நிலப்பரப்பை எழுதிக் கொடுத்தார்.

குவேக்கர்கள் கேட்டது சமத்துவம். விசித்திரம் என்னவென்றால், அடுத்த நூறு ஆண்டில் இங்கிலாந்தின் பேச்சில் அது வந்துவிட்டது, எதிர்த்திசையில். எல்லாரும் ‘தௌ’வுக்கு இறங்குவதற்குப் பதில், எல்லாரும் ‘யூ’வுக்கு ஏறிவிட்டார்கள். லண்டன் போன்ற நகரத்தில் எதிரே வருபவன் சீமானா தையற்காரனா என்று உடுப்பை வைத்துச் சொல்ல முடியாத காலம். ‘தௌ’ சொல்லி ஆள் மாறிப்போனால் வம்பு. ‘யூ’ சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. போதாக்குறைக்கு, கிறுக்குப் பிரிவினர் என்று ஊர் சிரித்த ஒரு கூட்டம் ‘தௌ’வைத் தன் கொடியாக்கிக்கொண்டதும் அந்தச் சொல்லின் சந்தை விலையைக் குறைத்திருக்க வேண்டும். 1762-ல் பாதிரியார் ராபர்ட் லௌத் தன் இலக்கண நூலில், நாகரிகப் பேச்சில் மட்டுமல்ல, சாதாரணப் பேச்சிலும் ‘தௌ’ இல்லை என்று எழுதிவிட்டார்.

ஒருமை போன இடத்தில் மொழி சும்மா இருக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் படித்தவர்களே ஒருவரைப் பார்த்து ‘யூ வாஸ்’ என்றும் பலரைப் பார்த்து ‘யூ வேர்’ என்றும் எழுதத் தொடங்கியிருந்தார்கள். நல்ல ஏற்பாடு, தொலைந்த எண்ணிக்கையை வினைச்சொல்லில் மீட்டிருக்கும். அதையும் லௌத்தே பிழை என்று அடித்தார். இலக்கண ஆசிரியர்கள் மொழிக்குச் செய்த கெடுதல்களைப் பட்டியலிட்டால் இதைக் கொஞ்சம் மேலே வைக்கலாம்.

மற்ற நாடுகள் வேறு வழி பார்த்தன. 1793-ல் புரட்சிக்காரப் பாரிஸ், குடிமக்கள் எல்லாரும் ‘தூ’ என்று சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. புரட்சி அடங்கியதும் ‘வூ’ திரும்பிவிட்டது. சுவீடனில் 1967-ல் தேசிய மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற பிரூர் ரெக்செத், ஊழியர் எல்லாரையும் ‘தூ’ என்றே அழைக்கப்போகிறேன், என்னையும் அப்படியே அழையுங்கள் என்று அறிவித்தார். நாடு முழுக்க ஏற்கெனவே வீசத் தொடங்கியிருந்த காற்றுக்கு அவர் பெயர் அடையாளமாயிற்று. ஸ்டாக்ஹோமில் இன்று பிரதமரையும் ‘நீ’ என்றே அழைக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ‘தௌ’ அடியோடு சாகவில்லை. யார்க்ஷயர், லங்காஷயர் சுரங்க ஊர்களில் ‘தா’ என்று தேய்ந்து 20-ஆம் நூற்றாண்டு முழுக்க வாழ்ந்தது. பார்ன்ஸ்லி சுரங்கப் பகுதிச் சிறுவன் ஒருவன் வல்லூறு வளர்க்கும் கதையான பாரி ஹைன்ஸின் 1968 நாவலிலும், அதை வைத்து கென் லோச் எடுத்த ‘கெஸ்’ திரைப்படத்திலும் அந்தப் பேச்சைக் கேட்கலாம். பக்கத்து ஊரான ஷெஃபீல்டில் ‘தீ’, ‘தா’ என்பவற்றின் முதலெழுத்து ‘ட’கர ஒலிக்குப் போய்விடுவதால், ஷெஃபீல்டுக்காரர்களுக்கு பார்ன்ஸ்லியில் ‘டீ-டாக்கள்’ என்றே பட்டப்பெயர். மரியாதைக் கணக்கும் அங்கே அழியவில்லை. தன்னைத் ‘தா’ போட்ட சிறுவனிடம், உன்னை நீயே ‘தா’ போட்டுப் பார், எப்படி இருக்கிறது என்று தெரியும் என்கிற தோரணையில் பெரியவர்கள் அதட்டும் சொலவடை அந்த வட்டாரத்தில் பிரசித்தம். கேலி என்னவென்றால், அதட்டல் முழுக்கத் ‘தா’விலேயே வரும்.

ஊரார் கைவிட்ட பிறகு ‘தௌ’வுக்கு நிரந்தர வேலை கொடுத்தது கோயில். ஜெபத்தில் மட்டும் கேட்டுக் கேட்டு, அது கடவுளுக்கென்றே செய்த மரியாதைச் சொல் என்று மக்கள் நம்பத் தொடங்கினார்கள். 1952-ல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்திய பைபிள், மனிதருக்கு ‘யூ’, கடவுளுக்குத் ‘தௌ’ என்று பங்கு பிரித்தது. உடனே சிக்கல் வந்தது. பேதுரு இயேசுவை மேசியா என்று அறிக்கையிடும் இடத்தில் ‘யூ’ வருகிறதே, அப்படியானால் இயேசு கடவுள் இல்லையா என்று கண்டனம் கிளம்பியது. டிண்டேல் காலத்தில் கடவுளையும் கள்ளனையும் ஒன்றாக்கிய சொல், நானூறு ஆண்டு கழித்துத் தெய்வத்தன்மைக்குச் சான்றிதழ் ஆகியிருந்தது. 1980-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் மாற்று வழிபாட்டு நூலிலும், 1989-ல் அமெரிக்காவின் அடுத்த திருத்தப் பதிப்பிலும் கடவுளும் ‘யூ’ ஆனார். மரியாதை குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டவர்கள் பலர். வரலாற்றுக் கணக்கில் அன்றைக்குத்தான் கடவுளுக்கு ‘நீங்கள்’ கிடைத்தது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த இரண்டு முனைக்கும் நடுவே நிற்கிறார்கள்: கடவுளை அழைப்பது ‘நீர்’. சைவ, வைணவ அடியார்கள் பெரும்பாலும் ‘நீ’ என்றே உரிமையோடு பாடியவர்கள். விலக்கு சுந்தரர். சிவனுக்குத் தோழர் என்று பெயரெடுத்த அவர், கண் பார்வை போன கோபத்தில் திருவாரூரில் பாடிய பதிகத்தில், நண்பனைத் திடீரென்று ‘நீர்’ ஆக்கிப் பன்மையில் வாழ்த்திவிட்டுப் போகிறார். ஹாம்லெட் தாயிடம் வீசிய ‘யூ’வின் குளிர் அதில் இருக்கிறது.

‘நீர்’ என்பதே ஒரு காலத்தில் வெறும் பன்மை. சங்க இலக்கியத்தில் பலரைக் குறித்த அந்தச் சொல் பிறகு ஒருவருக்கு மரியாதையாக இறங்கியது. பலரைக் குறிக்க ஆள் இல்லாமல் போனதும், ஏற்கெனவே பன்மையான ‘நீம்’ என்பதன்மேல் இன்னொரு ‘கள்’ ஏற்றி ‘நீங்கள்’ வந்தது. இன்று அதுவும் ஒருவருக்கு மரியாதையாகிவிட, உண்மையிலேயே பலர் எதிரில் இருந்தால் ‘நீங்க எல்லாரும்’ என்று சொல்லவேண்டியிருக்கிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிறந்த ‘யால்’ அதே ‘நீங்க எல்லாரும்’தான், ‘யூ’வும் ‘ஆல்’உம் ஒட்டியது. அயர்லாந்திலும் லிவர்பூலிலும் கிளாஸ்கோவிலும் ‘யூஸ்’ என்று பன்மை வால் ஒட்டினார்கள். பிட்ஸ்பர்க்கில் ‘யின்ஸ்’. மற்ற இடங்களில் ‘யூ கைஸ்’. குவேக்கர்களின் அமெரிக்கக் கொள்ளுப்பேரர்கள் வேறு திசையில் போனார்கள். ‘யூ’ எப்படி ‘யீ’யைத் தள்ளியதோ, அப்படியே அவர்கள் பேச்சில் ‘தீ’ எழுவாய் இடத்துக்கு வந்து ‘தௌ’வைத் தள்ளியது, ‘எஸ்ட்’ வாலும் உதிர்ந்து ‘தீ இஸ்’ ஆயிற்று. ‘உன்னை வருகிறது’ என்பதுபோல. ஒருமை பன்மைக்காக அடி வாங்கிய ஃபாக்ஸ் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். உலகம் முழுக்க ஒரே மாதிரி பேசவேண்டும் என்று தொடங்கிய அந்தச் சொல், 20-ஆம் நூற்றாண்டில் வீட்டாரிடமும் சக குவேக்கரிடமும் மட்டுமே பேசும் நெருக்கச் சொல்லாகி, வெளியாள் வந்தால் அவர்களும் ‘யூ’வுக்கு மாறிக்கொண்டார்கள்.

‘யால்’ பற்றியும் மொழியியலாளர்களிடையே ஒரு சண்டை நூறு ஆண்டாக ஓய்ந்து ஓய்ந்து நடக்கிறது. ஒரே ஒருவரைப் பார்த்து ‘யால்’ என்று சொல்வதுண்டா? தென்மாநிலத்தவரில் பெரும்பாலோர் ஒருக்காலும் இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். தனியாக வந்த வாடிக்கையாளரிடம் கடைப்பெண் ‘யால்’ போட்டதைக் காதால் கேட்டோம் என்று ஆய்வாளர் சிலர் எழுதுகிறார்கள். அவள் சொன்னது அவரோடு வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் என்று மற்றவர்கள் பதில் எழுதுகிறார்கள்.